முழங்கைக்கு இடம்

என் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆளாக விளையாடுவார்கள். லேப்டாப்பில் ஒரு தீவு விளையாட்டு. கையில் வில்லோடு ஒரு வேடன் காட்டில் அலைவான், ஓநாய் துரத்தும், இவன் அம்பு விடுவான். ஊர் உலகத்தில் எல்லோரும் இடது கையால் கீபோர்டைத் தட்டி வேடனை நடக்கவிட்டு, வலது கையால் மவுஸைப் பிடித்துக் குறிபார்ப்பார்கள். எங்கள் வீட்டில் நடப்பது அப்பா, குறிபார்ப்பது மகள். அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது நாற்காலியில் தலையணை போட்டு உட்காரவைத்து, நீ மவுஸைப் பிடி, அப்பா நடக்கிறேன் என்று ஆரம்பித்து வைத்த புண்ணியவான் இவர்தான். அவள் கல்லூரிக்குப் போகிற வயதாகியும் அதே இரண்டு நாற்காலி, அதே ஒரு வேடன்.

அவர் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். முன்னே, பின்னே, பக்கவாட்டில் என்று எதிலும் இடிக்காமல் போவது அவருக்குக் கைவந்த கலை. குறி மட்டும் வராது. காகிதத்தைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தால் அது என் காலடியில்தான் வந்து விழும். மகள் நேர் எதிர். குறி தப்பவே தப்பாது, ஆனால் பிறந்ததிலிருந்து இருக்கும் வீட்டில் தினமும் ஒரு கதவில் இடித்துக்கொள்வாள். ஜாடிக்கேற்ற மூடி. நான் திட்டுவதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

வெளியூரில் கட்டட பிளான் வரையும் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்தது. லேப்டாப் வேண்டும். வாங்க முடிவது ஒன்றுதான், அது அவளோடு போய்விடும். வீட்டில் மிஞ்சுவது நாங்கள் தடியன் என்று கூப்பிடும் பழைய லேப்டாப். இப்போதெல்லாம் அது ஆட்டம் சூடு பிடிப்பதற்கு முன்னால் தான் சூடாகி அணைந்துவிடும். கேக் ஆறவைக்கும் கம்பித் தட்டின்மேல் அதைத் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். என் கேக் தட்டு போனதுதான் மிச்சம்.

கடைக்கு மூன்று பேரும் போனோம். விற்பனைக்கு நின்ற பெண் நல்ல பொறுமைசாலி. மகள் தனக்கு வேண்டியதைச் சொன்னாள்: பிளான் வரையணும், தினம் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு மாடி ஏறணும், லீவு நாளில் விளையாடவும் வேண்டும். பிளானுக்கும் ஆட்டத்துக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், மெமரியைப் பின்னால்கூடக் கூட்டிக்கொள்ளலாம் என்றாள் அந்தப் பெண். பெரிய மெஷினில் காற்றோட்டம் இருக்கும், சூடு குறைவு, ஆனால் கனம். சார்ஜரே ஒரு செங்கல். சின்னதில் விளையாடும்போது ஃபேன் கொஞ்சம் இரையும், மற்றபடி படிப்பு, படம் பார்ப்பது எல்லாம் பேட்டரியிலேயே ஓடிவிடும். சொல்லிக்கொண்டே சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தாள். மகளுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

இவர் அந்தப் பேச்சு எதையும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு லேப்டாப்பின் முன்னாலும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது கையை வேடனை நடக்கவிடும் நாலு எழுத்தின்மேல் வைத்தார். வலது முழங்கையை வயிற்றோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, தன் வலப்பக்கத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு, இது சரிவராது என்று எழுந்தார். அடுத்ததிலும் அதே சடங்கு. இது குறுகல். இது இன்னும் குறுகல். கடைசியில் மூலையில் கிடந்த ஒரு மலைப்பாம்பைக் கண்டுபிடித்து, இதுதான் லேப்டாப் என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மகள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதை மாடியேற்ற உன் ஃபோர்க்லிஃப்டும் கூட வருமா என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. திரை பெரிசு, கண்ணுக்கு நல்லது, கீபோர்டு விசாலம் என்று அடுக்கினார். அவளும் விடவில்லை. பேச்சு தடித்தது. விற்கிற பெண் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் போறது உனக்குப் பிடிக்கலைன்னா நேரா சொல்லுப்பா. பாவம், லேப்டாப்பைக் குத்தம் சொல்லாத."

நான் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறவள். ஊசி வருவதற்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் இருக்கும் காலண்டரை அக்கறையாகப் படிக்கிற ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் முகம் அப்படித்தான் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அவர் லேப்டாப்பைப் பாக்கலடி. பக்கத்துல நீ உக்கார இடம் இருக்கான்னு பாக்குறார்."

அவர் மலைப்பாம்பின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். மகள் இன்னொரு முக்காலியை இழுத்து அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

"எனக்கு நடக்கவே தெரியாதுப்பா," என்றாள். "ஃப்ரெண்டு வீட்டுல தனியா ஆடிப் பாத்தேன். நேரா போய் ஆத்துல விழுந்தேன். திரும்பத் திரும்ப அதே ஆறு."

"பாறை வந்ததும் டபிள்யூவை விட்டுட்டு ஏ தட்டணும்," என்றார் அவர். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். அவளும் உறிஞ்சினாள். அந்த நிமிஷம் அந்த மனுஷன்மேல் எனக்குப் பொங்கிவந்த பிரியத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதனால், கடையில் உட்கார்ந்து இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சாதீர்கள் என்று திட்டினேன்.

அந்தச் சாம்பல் நிறத்தை அவரே போய் எடுத்தார். ஒரு கையில் பிடித்து மேலும் கீழும் எடை பார்த்தார். பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே ஒரு சுற்று நடந்து வந்தார். இவ மாடி ஏறிடுவா, இதையே போடுங்க என்றார். பழைய தடியனின் சூட்டைப் பற்றிக் கேட்டதும், ஒரு தடவை திறந்து சுத்தம் செய்து பார்க்கலாமே என்றாள் விற்கிற பெண். வீட்டுக்கு வந்து திறந்தால் ஃபேன் முழுக்க எங்கள் பூனையின் முடி. கம்பளியே நெய்யலாம். இத்தனை நாளும் வயசாகிவிட்டது என்று அதன்மேல் பழி போட்டிருக்கிறோம்.

மகள் போனாள். முதல் ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தேன். பழைய லேப்டாப் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கத்து நாற்காலி காலி. ஆனாலும் வலது முழங்கையை வயிற்றோடு மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மவுஸைத் தொடவில்லை. அவருடைய வேடன் வில்லைத் தொங்கவிட்டபடி கரையில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தான். துணியை அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.

"தள்ளுங்க."

உனக்கு இதெல்லாம் வராது என்று இழுத்தார். வீல் வீலென்று கத்துகிற குழந்தையின் கையில் கண்ணுக்கே தெரியாத நரம்பைத் தேடிப் பிடிக்கிறேன், இவ்வளவு பெரிய ஓநாயின் நெற்றி எனக்குத் தெரியாதா என்று கேட்டேன். முதல் அம்பு மரத்தில். அடுத்தது வானத்தில். அதன் பிறகு கை பழகிவிட்டது. அடுத்த வாரத்திலேயே ஓநாய்கள் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போவதாக அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த வாரம்தான் மகளும் தன் புது லேப்டாப்பிலிருந்து இன்டர்நெட் வழியாக எங்கள் தீவுக்குள் வந்தாள். அவளுடைய வேடன் தூரத்தில் தெரிந்தான். தள்ளாடி வந்து ஒரு பாறையில் முட்டி, திரும்பி, நேராக ஆற்றில் இறங்கினான்.

"அப்பா, விழுந்துட்டேன்," என்று ஸ்பீக்கரில் குரல் கேட்டது. அவளுக்குப் பின்னால் கரையில் ஓர் ஓநாய் வந்து நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்பை விட்டேன். ஓநாய் சாய்ந்தது.

ஸ்பீக்கர் மறுபடி அலறியது. "யார் விட்டது? இது அப்பா இல்லயே."

"உங்கம்மா," என்றார் அவர், தானே பெற்று வளர்த்த மாதிரி.

"அம்மாவா? அம்மா, அப்பா கையை மடக்கிக்கிட்டா உக்காந்திருக்காரு?"

"மடக்கித்தான் உக்காந்திருக்கார். உன் அளவுக்கு மடக்கியிருக்கார். எனக்குத்தான் பத்தல."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்ததும் தெரிந்தது. இவர் முழங்கையை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல், திரையைப் பார்த்தே சொன்னார்.

"நீ அங்கயே நில்லு, கண்ணு. நாங்க வர்றோம்."

டபிள்யூவை அழுத்தினார். நான் வில்லை உயர்த்திப் பிடித்தேன்.