மணல் ஒட்டாத நோவியுஸ்

அலெக்சாந்திரியாவிலிருந்து மல்லர் களத்துக்கு நைல் மணல் ஏற்றிய கப்பல் புத்தியோலித் துறைமுகத்துக்கு வந்த மறுநாள், மல்லன் நோவியுஸின் உடம்பில் மணல் ஒட்டாமல் போனது. அந்த வருடம் அத்திப்பழமும் சுமாராகத்தான் விளைந்தது. எண்ணெய் பூசிய மல்லர்கள் ஒருவர் மேல் ஒருவர் மணல் வீசிக்கொண்ட பிறகே பிடி போடுவார்கள்; மணல் இல்லாத உடம்பில் பிடி நிற்காது. எதிராளி பாக்கியுஸ் மூன்று கை அள்ளி வீசினான். மூன்றும் நோவியுஸின் காலடியில் மரியாதையாக இறங்கிக்கொண்டன. ஆற்று மணல், கண்ணாடி உருக்குபவர்களின் வெள்ளை மணல் எல்லாம் வீசிப் பார்த்தார்கள். யார் பிடிக்கும் நிற்காமல் ஒரே மாதத்தில் எட்டு மல்யுத்தங்களில் அவன் வென்றான். ஒன்பதாவதற்கு முன் நடுவர்கள் கூடி, மணல் ஒட்டாதவனுக்குக் களத்தில் இடமில்லை என்றார்கள்.

அவன் மனைவி ஹெலுவியா மட்டும் ஆச்சரியப்படவில்லை. “பதினோரு வருஷமா நானும் பிடிச்சுப் பாக்கறேன். இவனுங்களுக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்,” என்று நீர்த்தொட்டியடியில் சொல்லிச் சிரித்தாள். ஒழுகும் கூரையைப் பற்றிக் கேட்டாலும், அவளை விரும்புகிறானா என்று கேட்டாலும் நோவியுஸிடம் ஒரே பதில்தான்: “பாக்கலாம்.” குறை தன் விரல்களில்தானோ என்று சில நாள் அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவனை அலெக்சாந்திரியாவில் வேடிக்கை காட்டலாம் என்று அந்த மணல் கப்பலின் தலைவன் கூப்பிட்டான். காற்று திரும்பியதும் கப்பல் கிளம்பும்.

“போறியா?” என்று கேட்டாள் ஹெலுவியா.

“பாக்கலாம்.”

மறுநாள் காலை, பெண்கள் நுழையாத மல்லர் முற்றத்துக்குள் ஹெலுவியா நுழைந்து ஒரு கை மணலை அள்ளினாள்.

“இன்னைக்கு என்கூடப் பிடி போடுய்யா. போறியா, இருக்கியா? ஒரு வார்த்தை சொல்லு.”

“காத்து எப்படின்னு...”

வீசினாள். மணல் வழிந்து விழுந்தது.

“தங்கச்சி, கண்ணுல வீசு, அங்கயாவது ஒட்டும்!” என்றான் பாக்கியுஸ்.

அடுத்த கையை அவள் வீசவில்லை. மணலோடு உள்ளங்கையை அவன் இடது தோளில் வைத்தாள். “சொல்லு.”

நோவியுஸ் தோளிலிருந்த கையைப் பார்த்துச் சொன்னான்: “அங்க போனாலும் எவனாலயும் என்னைப் பிடிக்க முடியாதேடி. அதான் பயமா இருக்கு. இங்கயே இருந்துடறேன்.”

அவள் கையை எடுத்தபோது மணல் அங்கேயே இருந்தது, ஐந்து விரல்களோடு. வழக்கப்படி அவனும் குனிந்து ஒரு கை அள்ளி அவள் மேல் வீசினான். அது அவள் தலைமுடியில் ஒட்டியது; மூன்று நாள் அலசியும் போகவில்லை என்று தெருவெல்லாம் திட்டிக்கொண்டிருந்தாள்.

கப்பல் அவனில்லாமல் போனது. வெந்நீருக்கும் உடம்பு வழிக்கும் வெண்கல வளைகத்திக்கும் அந்தக் கைத்தடம் அசையவில்லை. நோவியுஸைப் பிடிப்பவர்கள் அங்கே பிடிக்கலாம் என்று நடுவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அதன் பிறகு அவன் எல்லோரையும் போல அவ்வப்போது தோற்றான், பாக்கியுஸிடமே இரண்டு முறை. ஹெலுவியா தோளில் கை வைத்துக் கேட்டதில் கூரையும் அந்த வாரமே சரியானது. மற்ற இடங்களில் அவன் இன்னும் வழுக்கத்தான் செய்கிறான். அங்கெல்லாம் ஹெலுவியா பிடிப்பதில்லை.