ஒன்பதாம் படி

வாருங்கள், இந்தப் பதினைந்து படிகளின் முன் வந்து நில்லுங்கள். இங்கே இரத்தம் சிந்தவில்லை, பூட்டு உடைபடவில்லை. ஆயினும் ஒரு தாயின் கால்கள் களவு போயின. களவாடியவன் அவள் பெற்ற மகன். நீங்களே சாட்சி.

நாற்பது ஆண்டு தையல் இயந்திரம் மிதித்த கால்கள் அவை. இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, முதல் மாடியில் உள்ள மகன் வீட்டுக்குத் திரும்பியவள் கேட்டது ஒன்றே: எவர் கையையும் பற்றாமல் தெருவில் இறங்கி நிற்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வந்தார். ஏறுகையில் நல்ல கால் முந்தட்டும், இறங்குகையில் நோகும் கால் முந்தட்டும் என்றார். ஒவ்வொரு படியையும் ஓயாமல் எண்ணிச் சொன்னவருக்கு எண்ணிக்கைக்காரர் என்று பட்டம் சூட்டினாள். ஓரிடத்தில் மட்டும் கால் தடுமாறவே, தன் அளவு நாடாவைக் கொண்டுவரச் செய்து ஒவ்வொரு படியாக அளந்தாள். மேலிருந்து ஒன்பதாம் படி ஓர் அங்குலம் கூடுதல் பள்ளம்! தமக்குத் தோன்றவில்லையே என்று அவர் வெட்கினார். அடுத்த வாரம் அவள் தனியே இறங்கலாம் என்றார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. இனி உன்னால் படி இறங்கவே ஆகாதென்று அவரே கைவிட்டுவிட்டார் என்றான் மகன். கைத்தடி அலமாரியின் உச்சிக்கு ஏறியது. அவள் நம்பினாள். மகனுடைய பொய்யை அளக்க எந்தத் தாய் நாடா வைத்திருக்கிறாள்? எட்டு மாதம் சன்னலோர நாற்காலியில் கழிந்தது. தொடைச் சதை கரைந்தது. அவ்விடத்தில் அச்சம் குடியேறியது.

ஒரு காலை, கதவுக்கு வெளியே பழகிய குரல். மேல்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரரை யாரோ ஒருவர் படியிறக்கிக்கொண்டிருந்தார்.

"ஒம்பதாவது படி ஒரு இஞ்ச் பள்ளம், பாத்து வைங்க. இந்த வீட்டு டெய்லரம்மா அளந்து சொன்னது."

சுவரைப் பற்றிப் பற்றி வந்து கதவைத் திறந்தாள்.

"ஏன் தம்பி என்னைக் கைவிட்டீங்க?"

அவர் திகைத்தார். "நீங்களே வர வேண்டாம்னுட்டீங்கன்னு உங்க பையன் போன் பண்ணாரேம்மா."

பின்னால் மகன், சட்டைப் பொத்தானில் விரல் நின்றபடி. "விழுந்துட்டா யாரும்மா பாக்குறது? உங்க நல்லதுக்குத்தான்..."

"விழாம இருக்கத்தானேடா கத்துக்கிட்டேன்," என்றாள் அவள். "எட்டு மாசமா என் கால் மேல நீ ஏறி உக்காந்திருந்தே. அது தெரியாம உனக்குப் பாரமா இருக்கோமேன்னு நான் அழுதேன்."

அவன் நீட்டிய கையைத் தொடவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பற்றினாள். நோகும் காலை முன்வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாம் படியில் தொடைகள் நடுங்கின. நின்றுவிட்டாள். அவளே அளந்த ஒன்பதாம் படி, எட்டாத ஆழத்தில் கிடந்தது.

மகன்களே, மகள்களே! அன்பென்று பேர் சூட்டி எத்தனை படிகளை அடைத்து வைத்திருக்கிறீர்கள்? எழுந்திருங்கள். அலமாரி மேலிருக்கும் கைத்தடியை இன்றே இறக்குங்கள். படியின் இருபுறமும் கம்பி பொருத்துங்கள். விளிம்பு தெரிய விளக்கிடுங்கள். நிறுத்திய பயிற்சியாளரைத் திரும்ப அழையுங்கள். பிறகு வழியை விட்டு விலகி நில்லுங்கள், அவர்கள் இறங்கட்டும்.