சுவர் வேண்டாம், மிஸ்டர் ஹுடாசெக்

"வீட்டை விக்கற கிழவர் ஹுடாசெக் கேட்டாரா? கேக்கல. கீழ இருக்கறதை மட்டும் விளம்பரப் போட்டோவுல போட வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். 'அதுவும் வீட்டுலதானம்மா இருக்கு'ங்கறார். இப்ப யார் யாரோ அந்தப் படத்தை அனுப்பிச் சிரிக்கறாங்க."

"எங்களுக்கும் வந்துச்சு," என்றான் கில். "நான் சிரிக்கல. வீட்டைப் பாக்கணும்னு சொன்னதே நான்தான்."

"நீங்க நல்ல மனுஷன், தங்கம். எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்க."

வீட்டுத் தரகர் ஷெரில் பனியில் வழுக்காமல் இருக்கப் பின்சந்தின் ஓரமாகவே நடந்தாள். நான் என் கணவன் கில்லின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். எங்கள் மகள் டெஸ் அவன் மடியில் உட்கார்ந்து, தன் கையுறையைக் கடித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கத் தெருவிலிருந்து அந்த வீட்டுக்குப் போக வேண்டுமானால் படிகள், படிகளுக்கு மேல் படிகள். பிட்ஸ்பர்க்கில் பாதி வீடுகள் அப்படித்தான். ஆனால் சரிவில் கட்டிய வீடு என்பதால், பின்சந்திலிருந்து நிலவறைக்குள் ஒரு படிகூட இல்லாமல் நேராக நுழைந்துவிடலாம்.

ஷெரில் விளக்கைப் போட்டுவிட்டு, பார்க்கக் கூச்சப்படுகிறவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நிலவறையின் நட்டநடுவில் ஒரு டாய்லெட் இருந்தது. சுவர் இல்லை, கதவு இல்லை, திரைகூட இல்லை. மொழுமொழுவென்ற சிமென்ட் தரையில், தலைக்கு மேல் தொங்கும் ஒற்றை பல்புக்குக் கீழே, யாரையோ எதிர்பார்த்துக் காத்திருப்பது போல நின்றது. சற்றுத் தள்ளி, தரையில் தண்ணீர் போகும் ஓட்டை; அதற்கு மேலே ஒரு ஷவர். ஓரமாகப் பழைய அடுப்பும் ஒரு தொட்டியும்.

"இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்றாள் ஷெரில். அவள் அரிசோனாக்காரி. இங்கே வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது.

நான் வளர்ந்த வீட்டிலும் இதே மாதிரி ஒன்று இருந்தது. இரும்பாலையிலிருந்து கரியும் எண்ணெயுமாக வரும் ஆண்கள் சந்து வழியாக உள்ளே வந்து, இங்கேயே உடுப்பைக் கழற்றிப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும். மேலே வெள்ளைத் திரைச்சீலை போட்டிருக்கும் எந்தப் பெண் அவர்களை அப்படியே உள்ளே விடுவாள்? ஆகவே எனக்கு அது விசித்திரமாகத் தெரியவில்லை. ஆனால் அதற்கு ஒரு நாள் இப்படி நன்றி சொல்வேன் என்றும் நினைத்ததில்லை.

"நீங்க மேல போய்ப் பாருங்க," என்றான் கில். "நான் இங்க இருக்கேன். எனக்கு இது போதும்."

மேலே பார்க்க நிறைய இருந்தது. குளியலறையில் பாசி நிறக் கம்பளம். தரையோடு நிற்கவில்லை, குளியல் தொட்டியின் பக்கவாட்டில் ஏறி விளிம்பு வரை போயிருந்தது. டெஸ் அதைத் தடவிப் பார்த்து, "நாய்," என்றாள். சமையலறையின் கூரை முழுக்கக் கறுப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்டிருந்தது. எங்கள் ஊர் ஃபுட்பால் அணியின் நிறங்கள். படுக்கையறைக் கூரையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று.

"அதைப் பத்திக் கேக்காதீங்க," என்றாள் ஷெரில். "நானும் கேக்கல."

மாடி நடையின் கடைசியில் இன்னொரு கதவு இருந்தது. பின்னால் இன்னொரு அறை என்று நினைத்துத் திறந்தேன். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. வாசல்படிக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. மாடிமுகப்பு இல்லை, படி இல்லை. ரொம்பக் கீழே சந்து, அதற்கும் கீழே வீட்டுக் கூரைகள், ஆறு, பாலம். ஷெரில் டெஸ்ஸின் கோட்டுத் தொப்பியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

"வீட்டை வாங்கினா முதல் வேலை இதை அடைக்கறதுதான்," என்றேன்.

"செங்கல் வெச்சு அடைச்சிடுங்க, தங்கம். அந்தச் செங்கலை நானே வாங்கித் தரேன்."

நாங்கள் கீழே வந்தபோது கில் டாய்லெட்டின் மூடி மேல் உட்கார்ந்திருந்தான். சக்கர நாற்காலி பக்கத்தில் காலியாக நின்றது. ஷெரில் ஃபோனில் பேசியபடியே முன்பக்கப் படி வழியாக வெளியே போய்விட்டதால் அவள் அவனைப் பார்க்கவில்லை.

"யார் தூக்கி வெச்சா?" என்றேன்.

"யாரும் இல்லை."

கூரை வேயும் வேலை செய்தவன் கில். போன வசந்தத்தில் ஒரு கூரையிலிருந்து விழுந்தான். அதன் பிறகு நாங்கள் பார்க்காத வீடு இல்லை. எல்லாவற்றிலும் குளியலறைக் கதவு குறுகலாகவே இருந்தது. கதவு அகலமாக இருந்தால் உள்ளே திரும்ப இடம் இல்லை. எங்கள் வாடகை வீட்டில் கதவையே கழற்றிவிட்டோம். அப்படியும் சக்கரம் நிலையில் முட்டும். ஒவ்வொரு தடவையும் நான்தான் அவனைத் தூக்கி உள்ளே கொண்டுபோக வேண்டும். அவன் எப்போதும் ஏதாவது ஜோக் சொல்வான். நானும் சிரிப்பேன். இரண்டு பேருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

இங்கே நிலையும் இல்லை, கதவும் இல்லை. எந்தப் பக்கமிருந்தும் நாற்காலியை ஒட்டி நிறுத்தலாம்.

"பாபி," என்றான். "இந்த வீடு நமக்குக் கிடைக்கணும்."

"கிடைக்கும்."

"ஷெரில்கிட்ட காரணம் சொல்லாதே. டாய்லெட்டைப் பாத்து வீடு வாங்கினவன்னு எனக்குப் பேர் வேண்டாம்."

நான் சொல்லவில்லை. எங்கள் விலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். இன்னொருவரும் கேட்டிருக்கிறார், வாங்கி எல்லாவற்றையும் பெயர்த்து வெள்ளை அடித்து விற்கிற ஆள் என்று ஷெரில் சொன்னாள். அன்று இரவு கில் வெகுநேரம் தூங்கவில்லை என்பது அவன் மூச்சிலேயே தெரிந்தது.

நாலைந்து நாள் கழித்து ஷெரில் ஃபோன் செய்தாள். குரலில் கொண்டாட்டம்.

"பாபி, தங்கம், ஒரு நல்ல சேதி. கிழவர்கிட்ட பேசிட்டேன். கீழ இருக்கறது உங்களுக்குச் சங்கடமா இருக்குன்னு சொன்னேன்."

"நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே."

"சொல்லணுமா? உங்க வீட்டுக்காரர் பாவம், மேலகூட வராம அதையே பாத்துட்டு உட்கார்ந்திருந்தார். ஹுடாசெக் சட்டுன்னு ஒத்துக்கிட்டார். இன்னைக்குக் காலையிலிருந்து சுத்தி சுவர் எழுப்பறார். நல்லதா ஒரு கதவும் போடறாராம். காசு எதுவும் கிடையாது."

நான் ஃபோனை வைத்தேனா, அப்படியே விட்டேனா என்று நினைவில்லை. கில்லையும் டெஸ்ஸையும் வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

சந்தில் ஒரே ஒரு இடம்தான் பனி வாரிச் சுத்தமாக இருந்தது. அதன் நடுவில் ஒரு பழைய சமையலறை நாற்காலி நின்றது. எங்கள் ஊரில், பனி வாரியவர் தன் வண்டிக்கு இடம்பிடித்து வைத்த நாற்காலியை நகர்த்தி வண்டியை நிறுத்துவது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியும். இறங்கினேன், நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தேன், நிறுத்தினேன்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "ஏம்மா, அது லென் ஹுடாசெக்கோட நாற்காலி."

"தெரியும்மா. அவர் வீட்டுக்குத்தான் வந்திருக்கேன்."

"யார் வீட்டுக்கு வந்தா என்ன? பனியை நீயா வாரின? எங்க வளர்ந்த நீ?"

"பாபி," என்றான் கில் வேனுக்குள்ளிருந்து, "முதல்ல மன்னிப்புக் கேளு. நாளைக்கு இவங்க நமக்கு எதிர்வீடு."

மன்னிப்புக் கேட்டேன். ஜன்னல் மூடிக்கொண்டது. ஆனால் அந்த அம்மாள் கண்ணாடிக்குப் பின்னாலேயே நின்றாள்.

நிலவறைக்குள் மரச்சட்டங்கள் எழும்பியிருந்தன. மூன்று பக்கம் முடிந்து, நாலாவது பக்கத்தில் நிலை வைக்க இடம் விட்டிருந்தது. குறுகலான இடம். சுவரில் பச்சைக் கதவு ஒன்று சாய்ந்து நின்றது. ஹுடாசெக் முட்டி போட்டு, வாயில் ஆணிகளோடு நிமிர்ந்து பார்த்தார். ஒல்லியான மனிதர். காதுகளை மூடிய கம்பளித் தொப்பி.

"சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும், கண்ணு," என்றார் ஆணிகளைக் கையில் துப்பிவிட்டு. "நாளைக்கு வந்திருந்தா பளிச்சுன்னு பாத்திருக்கலாம்."

"சுவர் வேண்டாம், மிஸ்டர் ஹுடாசெக்."

"மரியாதைக்குச் சொல்ற. பரவாயில்லை. என் பொண்ணு அந்தப் போட்டோவை ஃபோன்ல காட்டினா. கீழ என்னென்னவோ எழுதியிருக்காங்க. 'ராஜா சிம்மாசனம்'னு ஒருத்தன். 'இந்த வீட்டுல மனுஷங்க இருந்தாங்களா'ன்னு ஒருத்தி." அவர் சுத்தியலின் பிடியைத் தேய்த்தார். "எங்கப்பா இதுலதான் உட்கார்ந்தார். நானும்தான். இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூடத் தோணல, இது அசிங்கம்னு."

கில் சக்கரத்தை உருட்டி முன்னால் வந்தான். விட்டிருந்த இடைவெளிக்கு நேராக நாற்காலியை நிறுத்தி, மெதுவாகத் தள்ளினான். சக்கரம் சட்டத்தில் இடித்தது. பின்னால் வந்து, மறுபடி தள்ளினான். மறுபடி இடித்தது.

"போன சனிக்கிழமை நான் தனியா அதுல ஏறி உட்கார்ந்தேன்," என்றான். "ஆஸ்பத்திரியை விட்டு வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. இவளுக்கு முதுகு போச்சு. எனக்கு மானம் போச்சு. எது முதல்ல போச்சுன்னு நாங்க சண்டை போட்டுக்கறதில்லை. மத்ததுக்கெல்லாம் சண்டை போடுவோம்."

ஹுடாசெக் சக்கரத்தைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார். பிறகு கதவை.

"இதை அந்தப் பொம்பளைகிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றார்.

"வெட்கம்."

"எனக்கும் அதேதான்," என்றார் அவர். இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள்.

அவர் சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, காலையில் அடித்த ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். நான் சட்டங்களைத் தாங்கிப் பிடித்தேன். டெஸ் விழுந்த ஆணிகளைப் பொறுக்கி என் பாக்கெட்டில் போட்டாள். எல்லாம் விழுந்ததும் அவர் மூலையில் கிடந்த இரும்புக் குழாய் ஒன்றை எடுத்து வந்து டாய்லெட் பக்கத்தில் நிறுத்தி, "கையை நீட்டு, தம்பி," என்றார். கில்லின் உள்ளங்கை எங்கே வருகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டார். "தரையில துளை போட்டு இறக்கிடறேன். நீ தொங்கி ஆடினாலும் அசையாது."

கில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜோக் வரவில்லை. கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

"அந்த வெள்ளையடிக்கிறவன் இதைத்தான் முதல்ல பேத்து எறிவேன்னான்," என்றார் ஹுடாசெக். "அவனுக்கு இல்லைன்னு சொல்லிடறேன். வீடு உங்களுக்குத்தான்." பிறகு என்னைப் பார்த்தார். "மேல ஒரு நிமிஷம் வரியா, கண்ணு? உன்கிட்ட ஒண்ணு காட்டணும்."

எந்தக் கதவு என்று படி ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. டெஸ்ஸின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் தாழ்ப்பாளை நீக்கித் திறந்தார். ஆற்றின் மேல் பனி விட்டிருந்தது. பாலத்தில் அப்போதுதான் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன.

"என் வீட்டுக்காரி ஐரீனுக்கு மாடிமுகப்பு கட்டித் தரேன்னு இந்தக் கதவை வெட்டினேன். அந்தக் கோடையிலேயே ஆலையை மூடிட்டாங்க. அப்புறம் மரம் வாங்கவே முடியல. அடைச்சிடறேன்னேன். விட மாட்டேன்னுட்டா. தினம் சாயங்காலம் காபியோட வந்து, இந்த நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. முகப்பு கட்டியிருந்தா கம்பி மறைச்சிருக்கும், இப்ப எதுவும் மறைக்கலைம்பா." நிலையின் ஒரு பக்கத்தில் வண்ணம் தேய்ந்து மரம் வழவழவென்று இருந்தது. அவர் விரல் அங்கேயே இருந்தது. "போன வருஷம் வரைக்கும் நின்னா."

டெஸ் என் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். பாலத்தைக் காட்டி, "பாரும்மா," என்றாள். அவளுடைய காலணி வாசல்படி மேல் ஏறிவிட்டது. நான் அவளை இடுப்போடு தூக்கிக்கொண்டேன்.

"கம்பளத்தையெல்லாம் கிழிச்சுப் போடுங்க. கூரைக்கு வெள்ளையடிங்க. அந்தக் கண்ணாடியை நானே கழட்டிடறேன், வெட்கமா இருக்கு." அவர் என் பக்கம் திரும்பவில்லை, ஆற்றைப் பார்த்தபடியே கேட்டார். "இந்தக் கதவை மட்டும் அடைச்சிடாம வெச்சிருக்கியா, கண்ணு?"