ரிசர்வ் சைட்

எழுந்து போய்விட்டு வந்தால்தான் என்ன, இதில் என்ன குறைந்துவிடப் போகிறது, ஆனால் எழுந்தால் இந்தப் பக்கம் மூன்று பேர் எழுந்து வழிவிட வேண்டும், அந்தப் பக்கம் சுவர், மேசையை வேறு தரையோடு சேர்த்துத் திருகி வைத்திருக்கிறார்கள், நகர்மன்றக் கூடத்தைக் கட்டினவன் இதில் உட்காருகிறவர்களில் பெண்பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களுக்கும் அவசரம் வரும் என்று யோசித்தே இருக்க மாட்டான்... ரங்கநாயகி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். தலைக்கு நேர் மேலே ஏசி. காலையில் வீட்டில் ஒரு வாய் காபி குடித்ததோடு சரி, இங்கே வைத்த டீயைத் தொடவில்லை, கூட்டம் இருக்கிற நாளில் தண்ணீர்கூடக் குடிக்காமல் பழகிவிட்டாள். பெண்கள் கழிப்பறைச் சாவி அட்டெண்டரிடம் இருக்கும், அட்டெண்டர் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது, அவரைத் தேடிக்கொண்டு ஒரு கவுன்சிலர் வராந்தாவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் எல்லாம் கும்பிடுவார்கள், ஏனுங்கம்மா, என்ன வேணுமுங்க என்பார்கள், என்னவென்று சொல்வது. இன்றைக்கு அதிகம் குடிக்காமலே அடிவயிறு கனக்கிறது. பயந்தால் அப்படித்தான். பயமா? எதற்குப் பயம்? ஒரே ஒரு வார்த்தை. "வரவேற்கிறேன்." அவ்வளவுதான் அவர் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

அவர் பின்னால் இருக்கிறார், பார்வையாளர் வரிசையில். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, வெங்கடபதி எப்படி உட்கார்ந்திருப்பார் என்று கல்யாணமான நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், கால்மேல் கால், முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, மடியில் போன். தேர்தலில் நிற்க வேண்டியவர் அவர்தான். கடைசி நேரத்தில் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள், போஸ்டருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, படத்தை மட்டும் மாற்றினார்கள், ரங்கநாயகி வெங்கடபதி என்று போட்டு அவள் பெயரைவிட அவர் பெயரை ஒரு சுற்றுப் பெரிதாக... ஜெயித்த அன்று மாலையெல்லாம் அவர் கழுத்தில் விழுந்தது, அவளுக்கு ஒரு சால்வை. அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியுமா? ஒரு நாளும் கை ஓங்கியதில்லை, குரலை உயர்த்தியதில்லை, அவளிடம் எதையும் கேட்டதுமில்லை. கேட்காமலே எல்லாம் நடந்துவிடும், மகள் சாய்ப்ரியாவுக்குக் கல்லூரி, வீட்டுக்கு மேல்மாடி, இவளுக்குக் கவுன்சிலர் பதவி. பெங்களூரிலிருந்து மகள் போன் போட்டால் எடுத்தவுடன், கவுன்சிலர் இருக்காரா, இல்ல கவுன்சிலரம்மாதான் பேசறீங்களா என்று சிரிப்பாள். இவளும் சிரிப்பாள். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாது.

மேலே மேடையில் அலுவலர் ஒருவர் தீர்மானப் பொருள்களை வாசித்துக்கொண்டே போகிறார், குடிநீர்க் குழாய், பேருந்து நிலையத்துக்குப் பெயின்ட், தெருநாய்களுக்குக் கருத்தடை, ஒரே ராகத்தில், நாய்க்கும் குழாய்க்கும் வித்தியாசம் தெரியாத ராகம். இவளுடையது இன்னும் வரவில்லை. மூடிப்போன பஞ்சு மில்லுக்குப் பின்னால் மனை பிரித்தபோது பொதுவுக்கென்று விட்ட இடம், எல்லோருக்கும் அது ரிசர்வ் சைட், அதில் சமுதாயக் கூடம், சாப்பாட்டு ஹால், கார் நிறுத்த இடம். முகப்பில் மாமனார் சீனிவாசலு பெயர் வரும், அந்த மில்லில் மேஸ்திரியாகத் தொடங்கிப் பிறகு சொந்தமாக இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி வைத்தவர், சேர்மன் ஒத்துக்கொண்டார் என்று போன மாதம் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டே வெங்கடபதி சொன்னார், சொல்லும்போது அவர் குரல் கம்மியது. அந்தக் குரலைக் கேட்ட பிறகு என்ன பேசுவது. மண்டபம் வேண்டாம் என்றா இவள் சொல்கிறாள்? வேண்டும்தான், கோவைக்குள் போய் மண்டபம் பிடித்துக் கல்யாணம் வைக்க முடியாத எத்தனை குடும்பம் இருக்கிறது, வந்து அவளிடமே கேட்டிருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு காலி இடம் கிடக்கிறதே, அங்கே கட்டினால்... ஆனால் அது உள்ளே தள்ளி இருக்கிறது, மெயின் ரோட்டிலிருந்து பெயர் தெரியாது.

அன்றைக்குச் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று புகார் வந்து பார்க்கப் போனதுதான், பொழுது இறங்கிவிட்டது, ரிசர்வ் சைட் பக்கம் பெண்பிள்ளைகள் குரல் கேட்டது, சண்டையோ என்று எட்டிப் பார்த்தாள். மில் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாய்க்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவே வாலிபால் வலை, தெருவிளக்கின் வெளிச்சம் பாதி மைதானத்துக்குத்தான் எட்டுகிறது, மீதி இருட்டுக்குள் போன பந்து எப்படியோ திரும்பி வருகிறது, சத்தத்தை வைத்தே ஆடுகிறார்கள். சுடிதார் கால்களை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு... ஒருத்தி எம்பிக் குதித்து அடித்தாள், அந்தப் பந்து ரங்கநாயகியின் காலடியில் வந்து விழுந்தது. குனிந்து எடுத்தாள். எவ்வளவு கனம் குறைவு. இவ்வளவு லேசான பொருளுக்கா அந்தச் சத்தம்? அடித்தவள் ஓடி வந்து, ஆளைத் தெரிந்ததும் கால் துணியை அவசரமாக இறக்கிவிட்டாள். "அக்கா, கவுன்சிலரக்கா, தொந்தரவுங்களா?" மோட்டார் பம்ப் கம்பெனியில் கம்பிச் சுருள் சுற்றுகிறவள், பெயர் அன்புச்செல்வி, விரல் நுனியெல்லாம் செம்புக் கம்பி கீறின கோடு. மற்றவர்களும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு பேர் கல்லூரி. ஆடுவதற்கு முன்னால் தினமும் மைதானத்தைக் கூட்டுவார்களாம், பாட்டில் கண்ணாடி கிடக்கும், யார் குடித்துப் போட்டுப் போனது என்று இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"உங்களுக்கு என்ன கண்ணு வேணும்?" என்று கேட்டாள். கேட்டே தீரவேண்டும் என்று கேட்கவில்லை, வாய் தன்னால் கேட்டது, எங்கே போனாலும் கேட்கிற கேள்விதான். அன்புச்செல்வி யோசிக்கவே இல்லை. "பெருசா ஒண்ணுமில்லீங்க அக்கா. ஒரு லைட்டு, ஒரு பாத்ரூம். அவ்வளவுதானுங்க." பாத்ரூமா என்றாள் ரங்கநாயகி. "ஷிப்டு முடிஞ்சு நேரா இங்க வாரோமுங்க. மத்தியானத்துக்கு மேல யாரும் தண்ணி குடிக்க மாட்டோம். குடிச்சா பாதி ஆட்டத்துல ஊட்டுக்குப் போகோணும். ஊட்டுக்குப் போனா திரும்பி உட மாட்டாங்க." மற்ற பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள், அவள் மட்டும் சிரிக்கவில்லை. பார்க்கறேன் கண்ணு என்றாள் ரங்கநாயகி. பந்தைக் கொடுக்க மறந்து காரை நோக்கி நடந்துவிட்டாள், பின்னாலேயே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்று இரவே சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். தோசை வார்க்கும்போது சொல்லலாம், தட்டில் போட்ட பிறகு சொல்லலாம், இந்தத் தோசை முடியட்டும்... சட்னி போதுமா என்று கேட்டாள். போதும் என்றார். மறுநாள் பொறியாளர் வீட்டுக்கே வந்து வரைபடத்தை விரித்தார், கல்யாண மேடை இங்கே, மணமகள் அறை இங்கே என்று பென்சிலால் காட்டினார், மணமகள் அறைக்குப் பக்கத்தில் இரண்டு கழிப்பறை, வெளிநாட்டு மாதிரி. பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த மேடை வருகிற இடத்தில்தான் பிள்ளைகள் வலை கட்டுகிற கம்பம் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது, காபி கொண்டு வரட்டுமா என்று கேட்டது. சொன்னால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் சொல்ல மாட்டார், லேசாகச் சிரிப்பார், உனக்கு இதெல்லாம் புரியாது என்றுகூடச் சொல்ல மாட்டார், காபியை எடுத்துக்கொள்வார். அந்தச் சிரிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரமுடியாமல்... சரி, மன்றத்தில் சொல்லலாம், அங்கே எல்லோரும் இருப்பார்கள், முறைப்படி பொருளை வாசிப்பார்கள், உங்கள் கருத்து என்ன என்று கேட்பார்கள், அப்போது எழுந்து வரவேற்கிறேன் என்பதற்குப் பதிலாக, ஒரே ஒரு திருத்தம் என்று... கண்ணாடி முன் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். திருத்தம் என்ற சொல் வாயில் நன்றாகத்தான் இருந்தது.

போன் அதிர்ந்தது. வெங்கடபதிதான், அடுத்தது நம்முது என்று அனுப்பியிருந்தார். மைக்கின் பொத்தான் எங்கே, இதுவரை அழுத்தியதே இல்லை, பக்கத்திலேயே இருக்கிறது. மேடையில் சேர்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பொதுவாகச் சிரித்தார். "மத்தியானம் ஆயிருச்சுங்க. மீதிப் பொருள் எல்லாம் எல்லாரும் படிச்சிருப்பீங்க. மொத்தமா எடுத்துக்கலாமுங்களா?" எடுத்துக்கலாம், எடுத்துக்கலாம் என்று குரல்கள். "அப்ப மீதி எல்லாமே பாஸுங்க." மேசைகள் தடதடவென்று அதிர்ந்தன, முன்னால், பின்னால், பக்கத்தில், எல்லோரும் தட்டினார்கள், மழை தகரத்தில் இறங்குகிற மாதிரி, அவளும் தட்டினாள். தட்டிக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள். மோதிரம் மரத்தில் பட்டு டக் டக் என்றது. யார் கை இது? யாரைக் கேட்டு இது தட்டுகிறது? நிறுத்து என்று அதற்குச் சொல்லி அது நிற்பதற்குள் இன்னும் இரண்டு தட்டு ஆனது.

எழுந்து நின்றுவிட்டாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை, மேசை விளிம்பு தொடையில் அழுந்தியது, மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது, அப்படியானால் பொத்தானையும் அவள்தான் அழுத்தியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமினாள், அது கூடம் முழுக்கக் கேட்டது. சேர்மன் நிமிர்ந்தார். "சொல்லுங்கம்மா. நன்றி சொல்றீங்களா?" திருத்தம் என்ற சொல்லைத் தேடினாள், காணோம். "அந்த ரிசர்வ் சைட்டுல புள்ளைக வெளையாடுதுங்க," என்றாள். "வேலைக்குப் போய்ட்டு வந்து வெளையாடுதுங்க. அதுகளுக்கு வேற எடம் இல்லீங்க. மண்டபத்தைத் தண்ணித் தொட்டி பக்கம் கட்டலாமுங்க. இங்க வேண்டாமுங்க." குரல் மெல்லியதாக, வேறு யாரோ பேசுவது போல் கூரையிலிருந்து இறங்கியது. சேர்மன் கோபப்படவில்லை, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னார். "பாஸ் ஆயிருச்சுங்களேம்மா. போன மாசமே உங்க வீட்டுக்காரர் வந்து பேசிட்டுத்தானே போனாருங்க?" சிலர் சிரித்தார்கள். "அவரு பேசுனாருங்க," என்றாள். "நான் பேசலைங்க." சிரிப்பு சட்டென்று நின்றது, நின்றதுதான் அவளைப் பயமுறுத்தியது, சிரித்துக்கொண்டே இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பாள். பின்னால் யாரோ இருமினார்கள். அவரா? திரும்பவில்லை. சேர்மன் குனிந்து அலுவலரிடம், ஆட்சேபம்னு எழுதிக்குங்க என்றார், தேசிய கீதத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள்.

கீதம் முடிந்ததும் பக்கத்து மூன்று பேரும் பேசிக்கொண்டு வழியை மறித்து நின்றார்கள். "தள்ளிக்கங்க," என்றாள். தள்ளிக்கொண்டார்கள். வராந்தாவில் அட்டெண்டரைக் கூப்பிட்டு, பாத்ரூம் சாவி என்று எல்லோர் முன்னாலும் கை நீட்டினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. ஆட்சேபம். அன்புச்செல்விக்கு என்ன சொல்வது? தோற்றுப்போன பிறகு பேசினேன் கண்ணு என்றா?

காரை வெங்கடபதிதான் ஓட்டினார். அவினாசி ரோட்டில் ஏறும்வரை கண்ணாடியையும் ரோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, வீட்டுத் தெலுங்கை விட்டு, வெளியாட்களிடம் பேசுகிற தமிழில் சொன்னார், "சேர்மன்கிட்டச் சொல்லிப்போட்டேன். அந்த ஆட்சேபம் மினிட்ஸ் நோட்டுல வராது." அவள் தலையாட்டினாள். தலை ஆடியதும், இதையும் ஆட்டிவிட்டேனே என்று நினைத்தாள். அவ்வளவுதானா, எழுந்ததையே அழித்துவிடலாமா, நாளைக்கு நான் எழுந்தேன் என்று நானே யாரிடம் காட்டுவது... சிக்னல் விழுந்தது. வண்டி நின்றது. வெங்கடபதி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார், காது மடல் சிவந்திருந்தது, பத்து ஆண்டு மூத்துப்போனவர் போல இருந்தார். "என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்றார். வீட்டில் பேசுகிற தெலுங்கில், வீட்டுக் குரலில். அதில் அதட்டல் இல்லை. அதட்டல் இருக்கிறதா என்று இன்னொரு தடவை மனசுக்குள் கேட்டுப் பார்த்தாள், இல்லை, அவர் நிஜமாகவே கேட்கிறார். சொல்லியிருந்தால்? கேட்டிருப்பாரா? கேட்டிருக்க மாட்டார் என்று எப்படித் தெரியும், யார் சொன்னது, எந்த நாளில், எதைச் சொல்லி எதை மறுத்தார்... ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அவர் சிரிப்பார் என்று தோசைக்கல்லின் முன்னால் நின்று அவளே முடிவு செய்தாள். இல்லை, அப்படியும் சொல்லிவிட முடியாது, இப்போதுதானே அழிக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், அதே வாயால்தானே இதையும் கேட்கிறார்? எது இவர்? பச்சை விழுந்தது. பின்னால் ஒரு லாரியும் இரண்டு பைக்கும் ஹாரனை அலறவிட்டன. அவர் வண்டியை எடுக்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.