ஐம்பத்தேழு சென்டிமீட்டர்

கயிற்றின் ஒரு முனையைக் கட்டைவிரலால் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் கட்டிய சாக்பீஸால் ஜூட் இரண்டாவது வட்டத்தைப் போட்டான். முதல் வட்டம் நாற்பத்தேழு சென்டிமீட்டர் குறுக்களவு. இது ஐம்பத்தேழு. கொல்லைப்புறத்துச் சிமென்டுத் தரையில் இரண்டும் அடுத்தடுத்துக் கிடந்தன. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவன் அப்பா செல்வநாதன் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கோணலா இருக்குடா."

"அடுப்பு நேராத்தாம்ப்பா வரும். நீங்க அளவப் பாருங்க."

செல்வநாதன் சர்க்கரை ஆலையில் பாய்லர் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், எண்ணெயில் பொரித்த எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் போனில் அந்தக் கரி அடுப்பைக் கண்டுபிடித்தார். உருண்டையான இரும்புச் சட்டி, மூன்று கால், கவிழ்த்து மூட ஒரு மூடி. அடியில் கரி, நடுவில் கம்பி வலை. மூடியைப் போட்டுவிட்டால் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் கோழி வெந்துவிடும். காற்றுத் துவாரத்தைத் திறந்தால் சூடு ஏறும், அடைத்தால் இறங்கும். "நம்ம பாய்லர் குட்டி போட்டிருக்குடா" என்று முதல் நாளே சொன்னார். இரண்டு மாதமாக வீட்டில் இதே பேச்சு. வரதராஜன்பேட்டையில் யாரிடமும் அப்படி ஒன்று இல்லாததால் கேட்டுப் பார்க்கவும் ஆளில்லை. பேச்சு எப்படிப் போனாலும் கடைசியில் எந்த அளவு வாங்குவது என்பதில் வந்து நின்றது.

"டம்ளரு எடுத்துட்டு வா. ஒரு டம்ளரு ஒரு தொடக்கறின்னு வெச்சுக்க."

ஜூட் சமையலறையிலிருந்து கை நிறைய எடுத்து வந்தான். சின்ன வட்டத்தின் நடுவே அவர் ஊன்றுகோலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"கரியப் பூரா பரப்பி மேல கறிய வெச்சா வெளிய கருகும், உள்ள வேகாது. பாதியில கரி. மறு பாதிக்கு மேல கறி. மூடியப் போட்டா சூடு சுத்தி வந்து வேகவைக்கும். அப்ப நமக்கு எடம் எவ்வளவு? பாதிதான். வெச்சுப் பாரு."

சின்ன வட்டத்தின் பாதியில், ஒரு தொடைக்கு வேண்டிய இடம் விட்டு வைத்ததில், ஐந்து டம்ளர் நின்றது.

"நாம அஞ்சு பேருதானப்பா. நீங்க, அம்மா, நான், ஏஞ்சல், பையன். சரியாப் போச்சு. கரியும் கொஞ்சமாத்தான் புடிக்கும்."

செல்வநாதன் நாற்காலியிலிருந்து குனிந்து பெரிய வட்டத்தின் பாதியில் தானே டம்ளர்களை வைத்தார். எட்டு நின்றது. எட்டாவதாக வைத்தது, பேரன் சிறுவயதில் பால் குடித்த சின்ன டம்ளர்.

"இதுக்குச் சின்னத் துண்டு போதும். மூணு வயசுப் புள்ள எவ்வளவு திங்கப்போவுது."

ஜூட் கயிற்றைச் சுருட்டினான். அவன் தங்கை சுகன்யா மேரியின் பெண்ணுக்கு மூன்று வயது.

சுகன்யா மேரி ஒன்பது வருடம் மடத்தில் சிஸ்டராக இருந்தவள். ஊரில் இந்த வீட்டை 'சிஸ்டர் வூடு' என்றுதான் சொல்வார்கள். திடீரென்று மடத்தை விட்டு வெளியே வந்தாள். பெரம்பலூரில் லேப் டெக்னீஷியன் கலையரசனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். கைக்குழந்தையோடு ஒருமுறை வந்தபோது வாசல் கேட்டிலேயே நின்று, "அப்பாவுக்குப் பிரஷர் ஏறிடும், போயிடு" என்று திருப்பி அனுப்பியவன் ஜூட்தான். உள்ளேயிருந்த அப்பா, யார் வந்தது என்று கேட்கவில்லை. அதையே சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான். வீட்டில் அவள் பெயர் நின்றுபோனது.

"அம்பத்தேழு போடு" என்றார் செல்வநாதன்.

ஜூட் போனை எடுத்து ஆர்டர் போட்டான். நாற்பத்தேழு போட்டான்.

"அம்பத்தேழுதானே போட்ட?"

"ஆமாப்பா."

வாசலில் கேஸ்காரர் கூப்பிட்டார். ஜூட் போய் சிலிண்டரை உள்ளே வைத்துவிட்டு வருவதற்குள் கொல்லையிலிருந்து அவன் மனைவி ஏஞ்சலின் குரல் கேட்டது. டம்ளர்களை எடுக்கப் போனவள். அப்பா நாற்காலியிலேயே இருந்தார். தலை மட்டும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஆம்புலன்சில் வந்தவர்கள் கையையும் கண்ணையும் பார்த்தார்கள், வண்டியில் ஏற்றவில்லை. பத்தே முக்கால் என்று எழுதிக்கொண்டார்கள்.

பதினொன்றரைக்குக் கோயிலில் துக்க மணி அடித்தது. ஐஸ் பெட்டி வந்தது. ஏஞ்சல் கப்போர்டில் வெள்ளை வேட்டி தேடினாள். அம்மா மதலேனம்மாள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை மூடுமுன் அவர் விரல்களுக்கிடையில் ஜெபமாலையைச் சுற்றி வைத்தாள். சுற்றியது பிடிக்காமல் அவிழ்த்து மறுபடி சுற்றினாள். அப்பாவின் அண்ணன் டோமினிக், ஆண்டிமடத்திலிருந்து வந்து இறங்கியதும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அடக்கம் மறுநாள் பத்து மணிக்கு என்று அவர்தான் ஃபாதரிடம் பேசி முடித்தார்.

"ஜூட், எல்லாருக்கும் சொல்லியாச்சா?"

"சொல்லிட்டேன் பெரியப்பா."

"பெரம்பலூருக்குச் சொல்ல வேணாம். இருந்தப்பவே அவ மூஞ்சியில முழிக்காதவன். இப்ப எதுக்கு."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்த்தது பெரியப்பாவை இல்லை, ஜூடை. பிறகு குனிந்துகொண்டாள்.

ஜூட் கொல்லைப்புறம் போனான். போனைத் திறந்து ஆர்டரை ரத்து செய்தான். காரணம் கேட்டது. பட்டியலில் ஐந்தாறு இருந்தன. விலை அதிகம், தாமதமாகிறது, வேறிடத்தில் வாங்கிவிட்டேன். 'தவறுதலாக ஆர்டர் செய்துவிட்டேன்' என்பதைத் தொட்டான். அடுத்து தங்கையின் எண்ணைத் தேடினான். 'சிஸ்டர்' என்றே இன்னும் இருந்தது.

மூன்றாவது ரிங்கில் எடுத்தாள். "அண்ணே?"

"அப்பா தவறிட்டாரு சுகன்யா."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரோ அடுப்பை நிறுத்தினார்கள்.

"எப்ப?"

"பத்தே முக்காலுக்கு. ஒக்காந்த வாக்குலயே."

"நான் வரலாமா?" என்றாள்.

"மூணு பேரும் வாங்க."

"அப்பாவுக்கு அது…"

"அவருதான் மூணு பேரையும் சேத்துச் சொன்னாரு. காலைல."

எப்படிச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டம்ளர்களைப் பற்றி அவனால் போனில் விளக்கியிருக்க முடியாது.

மூன்று மணிக்குமேல் அவர்கள் பைக்கில் வந்தார்கள். பந்தலில் பேச்சு சட்டென்று நின்றது. டோமினிக் எழுந்தார்.

"யாருடா சொன்னது இவளுக்கு?"

"நான்தான் பெரியப்பா. அப்பா கூப்புடச் சொன்னாரு."

"அவன் எப்ப சொன்னான்?"

"காலைல. எங்கிட்ட."

டோமினிக் அவன் முகத்தையே பார்த்தார். ஜூட் கண்ணை எடுக்கவில்லை. அவர் உட்கார்ந்துகொண்டார்.

சுகன்யா மேரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மதலேனம்மாள் பாயில் ஒரு முழம் நகர்ந்து இடம் விட்டாள். குழந்தை பெட்டிக் கண்ணாடியில் கை வைத்து, ஜில்லென்று இருந்ததால் இழுத்துக்கொண்டது.

ஜெபமாலை ஆரம்பித்தார்கள். வழக்கமாக ஜெபம் நடத்தும் உபதேசியார் ஏலாக்குறிச்சிக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு அம்மா புத்தகத்தைப் பார்த்து வாசித்தாள். பிரார்த்தனை மாலையில் புனிதர்களின் பெயர்கள் வரும் இடத்தில் பக்கம் மாறிவிட்டது. அவள் புரட்டினாள், மறுபடி புரட்டினாள். வீடு காத்திருந்தது. அப்போது சுகன்யா மேரி, தலை நிமிராமல், புத்தகமில்லாமல், விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். குரல் உயரவுமில்லை, உடையவுமில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பெண்கள், "இவருக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். நாலைந்து பெயர் போன பிறகு, பந்தலிலிருந்து டோமினிக்கின் கரகரத்த குரலும் அவர்களோடு சேர்ந்தது.

ஜூட் வெளியே வந்தான். கலையரசன் பந்தலுக்கு வெளியே வெயிலில், பைக் பக்கத்தில் நின்றிருந்தான். கையில் மகளின் ரோஸ் நிறச் செருப்பு. எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"உள்ள வாங்க மாப்ள."

"இல்ல, இங்கயே இருக்கேன். ஒங்க ஜெபம் எனக்குத் தெரியாது."

"எனக்கும் பாதிதான் தெரியும். வாங்க."

ஜூட் அந்தச் செருப்பை வாங்கிக்கொண்டான். வாசற்படியில் செருப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. பெரியப்பாவின் தோல் செருப்பைக் காலால் சற்று ஒதுக்கி, அந்த இடத்தில் அதை ஜோடியாக வைத்தான்.