கயிறு கட்டிய பெட்டி

கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று யாரோ சொல்லிவைத்ததை நம்பியே நாற்பத்தாறு வயதைக் கடத்திவிட்டேன். செவ்வாய்க்கிழமை என் மகள் அன்புச்செல்வியின் புதுத் தகரப்பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தபோது அந்தக் குணம் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

ஈரோட்டில் நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அது எனக்குத் தெரிந்ததே டீக்கடையில் அடுத்தவர் சொல்லித்தான். பெற்ற அப்பனுக்குக் கடைசியில்தான் சேதியா என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் பெயரும் 1995 என்ற வருஷமும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த மூடி நசுங்கிப்போனது. அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, "சோறு ஆறுதுன்னு அப்பாகிட்டச் சொல்லும்மா" என்பாள் என் மனைவி சின்னத்தாயியிடம்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் கிளம்ப வேண்டும். ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டால்? அன்று காலை பெரியநாயக்கன்பாளையம் பவுண்டரியில் பம்பு வார்ப்புக்கு மணலை இடித்துக்கொண்டே பத்துத் தடவை கடிகாரத்தைப் பார்த்திருப்பேன்.

"ஏனுங்ண்ணா, கம்பி குத்த மறந்துபோட்டீங்களே" என்றான் கூட வேலை செய்யும் மாசாணம்.

ஆறு மணல் மோல்டு. ஒன்றிலும் துளை இல்லை. மணலை இறுக இடித்துவிட்டுக் கம்பியால் துளை போடாவிட்டால், உருக்கிய இரும்பை ஊற்றும்போது ஆவி போக வழியில்லாமல் குழம்பு வெளியே தெறிக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்யாத தப்பு. ஊற்றியிருந்தால் மாசாணத்தின் கால் போயிருக்கும்.

"எல்லாத்தையும் கலைச்சுபோடு. யாராச்சும் கேட்டா எம்மேல தப்புன்னு சொல்லு. நான் புள்ளையப் பார்த்துபோட்டு வாரேன்."

சைக்கிளை மிதித்துப் பஸ் ஸ்டாப்புக்குப் போனபோது தாயும் மகளும் நின்றிருந்தார்கள். மூடி சேராததால் பெட்டிக்குக் கயிறு கட்டியிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அவள் அருகே போனேன்.

"அம்மணி, அன்னைக்கு எனக்கு வந்தது பயம். நீ போயிட்டா ஊடு எப்படி இருக்கும்னு பயம். அதச் சொல்லத் தெரியாமத்தான் பெட்டிய அடிச்சுபோட்டேன். தப்புத்தான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குக் கோவமுங்கப்பா. மொதல்ல உங்ககிட்டச் சொல்லத்தான் ஆசை. கத்துவீங்கன்னு பயந்துட்டு லெட்டர ஒரு வாரம் புஸ்தகத்துக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன். பத்தாவது மார்க்கும் அப்படித்தான் ஒளிச்சேன். நீங்க தட்டத் தூக்கி எறிஞ்ச நாள்ல இருந்து என் கூட்டாளி கயல்விழி நம்ம ஊட்டுக்கு வர்றதே இல்லீங்க."

ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். தட்டை நான் எறிந்தது வேறு காரணத்துக்கு என்று சொல்ல நாக்கு துடித்தது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சைக்கிள் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். குரலை உயர்த்தவே இல்லை. எல்லாம் உண்மை.

ஈரோட்டு பஸ் ஏறுவதற்குக் காந்திபுரம் போகும் டவுன் பஸ் வந்தது. சின்னத்தாயி பெட்டியைத் தூக்கினாள்.

"இரும்மா" என்றாள் அன்புச்செல்வி. பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் முடியலீங்கப்பா. அடுத்த பஸ்ல போறேன்" என்றாள்.

சின்னத்தாயி கையிலிருந்த பெட்டியை வாங்கி மெதுவாகக் கீழே வைத்தேன்.

"சொல்லு கண்ணு" என்றேன்.