கொக்கு எழுதித் தருவதாகச் சொன்ன பிளக்-இன்

கொக்குக்கு ஒரு போன் போட்டால் உன் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது என்று என் அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏன் குறையாது? "உன்னோட மென்பொருளுக்கு முதல் பிளக்-இன் நான்தான் எழுதுவேன்" என்று, இந்த அலுவலகத்தை விட்டுப் போன அன்று கொக்கு என்று பெயர் வாங்கித் தந்த அந்த நீளக் கழுத்தை ஆட்டி ஆட்டிச் சொன்னவன் அவன். போனவன் போனவன்தான்.

மூன்று பேர் உட்கார வேண்டிய அறையில் இப்போது நான் மட்டும். நான் செய்த மென்பொருள் தானாகப் பெரிதாக எதுவும் செய்யாது. நடுவில் ஒரு சின்ன எஞ்சின். அவரவர் தேவைக்கு ஏற்ற பிளக்-இன் என்ற சின்ன இணைப்பு நிரலை அவரவரே எழுதி அதில் சேர்த்துக்கொள்ளலாம். யாராவது எழுதினால்தானே! மேனேஜர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். "வெள்ளிக்கிழமைக்குள்ள வெளியாள் எழுதினது ஒண்ணாவது ஓடணும்மா. இல்லன்னா இந்த புராஜெக்டையே மூடிடலாம்."

யாரும் வராதபோது வேறென்ன செய்வது? எஞ்சினைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண்ணைக் கூட்டினேன். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு திரையோடுதான் பேசினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வியாழனன்று சோதனைப் பிரிவுப் பெண் வந்தாள். எதைப் பார்த்தாலும் "ச்சு ச்சு" என்பதால் அவளுக்குப் பல்லி என்று பெயர்.

"விளையாட்டா ஒரு பிளக்-இன் எழுதிப் போட்டேன்க்கா. ஓடவும் இல்ல, ஓடலன்னு சொல்லவும் இல்ல. கல்லு மாதிரி கெடக்கு."

"நான் எழுதினதெல்லாம் ஓடுதே!"

"உங்களுது எஞ்சினுக்குள்ளயே இருக்கு. வீட்டுப் பிள்ளைங்கள யாரு வாசல்ல நிறுத்திக் கேள்வி கேக்கறா? ச்சு."

நிரலைத் திறந்து பார்த்தேன். வெளியிலிருந்து வரும் பிளக்-இன் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பார்த்து, இன்றைய எண்ணோடு அச்சு அசலாகப் பொருந்தாவிட்டால் தள்ளிவிடும்படி எழுதியிருந்தேன். எஞ்சினுக்குத் தொந்தரவு வரக் கூடாதாம், அதனால் சத்தமே இல்லாமல். நான் எண்ணைக் கூட்டிய ஒவ்வொரு முறையும் வந்தவர்களின் முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறேன். பாவி!

உடனே மாற்றினேன். பல்லியுடையது ஓடியது. ஆனால் அவள் வெளியாள் இல்லையே. கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கொக்கை அழைத்தேன்.

"எழுதறேன்னியே, எழுதினியா?"

"எழுதாம? ஒரு வாரம் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். ஒரு பதிலும் இல்ல. திட்டியாவது ஒரு வரி வந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்."

"இப்ப ஓடும்டா. மறுபடி போடேன்."

"அதையெல்லாம் அழிச்சுட்டேன். இங்க எங்க ஆபீஸ்ல வேற மென்பொருளுக்கு மாறி ரொம்ப நாளாச்சு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "நீயும் அங்கேருந்து போயிட்டியோன்னு நெனச்சேன். உள்ள ஆளே இல்லன்னு."

"இருந்தேன்," என்றேன். "நான் மட்டும்தான் இருந்தேன்."